குவாவாரின் வளையம்: திரளவும் இல்லை, கலையவும் இல்லை

## எடுத்துக்கொண்ட நிகழ்வு

நெப்டியூனுக்கு அப்பால் சுற்றும் குவாவார் என்ற குறுங்கோளைச் சுற்றி, கணக்குப்படி இருக்கவே கூடாத தூரத்தில் ஒரு வளையம் இருப்பது 2023 பிப்ரவரியில் அறிவிக்கப்பட்டது. அந்த வளையத்தைக் கண்டுபிடித்த விதம், அது எப்படி நிலைத்திருக்கிறது என்பதற்கு விளக்கம் தேடிய விதம், அந்த விளக்கம் எழுப்பிய அடுத்த கேள்வி, அதில் குவாவாரின் நிலவுக்கு என்ன பங்கு என்பதையெல்லாம் வரிசையாகப் பதிவு செய்வதே இந்தக் கட்டுரை. பிரேசில், பிரான்ஸ், ஸ்பெயின் நாட்டு வானியலாளர்கள், ஐரோப்பிய விண்வெளி முகமையின் ஒரு தொலைநோக்கி, ஆஸ்திரேலியாவின் அமெச்சூர் நோக்கர்கள் எனப் பலர் சேர்ந்து செய்த வேலை இது. தனிநபர் பெயர்கள் இங்கே தேவைப்படவில்லை.

செய்தித்தாள்கள் இதை "இயற்பியல் விதியை மீறிய வளையம்" என்று எழுதின. விதி எதுவும் மீறப்படவில்லை. ஒரு எல்லைக் கோட்டை அதன் தகுதிக்கு மேல் நம்பியிருந்தோம், அது தெரிய வந்தது, அவ்வளவுதான்.

## பின்னணி

2013 வரை வளையம் என்றால் வியாழன், சனி, யுரேனஸ், நெப்டியூன் என்ற நான்கு பெரிய கோள்களின் சொத்து. அந்த ஆண்டு ஜூன் 3 அன்று சாரிக்லோ என்ற சிறு பொருள் ஒரு நட்சத்திரத்தை மறைத்தது. சனிக்கும் யுரேனஸுக்கும் இடையில் சுற்றும் அதன் விட்டம் சுமார் 250 கி.மீ. மறைப்புக்குச் சற்று முன்னும் பின்னும் நட்சத்திர ஒளி சில கணங்கள் குறைந்தது. 391 கி.மீ., 405 கி.மீ. ஆரங்களில் இரண்டு மெல்லிய வளையங்கள் இருப்பது அப்படித் தெரிந்தது. அடுத்து 2017 ஜனவரி 21 அன்று நடந்த மறைப்பில் ஹௌமியா என்ற குறுங்கோளுக்கும் வளையம் இருப்பது தெரிந்தது. அதன் ஆரம் 2,287 கி.மீ., அகலம் சுமார் 70 கி.மீ. ஹௌமியாவுக்கு ஹியியாகா, நமாகா என்று இரண்டு நிலவுகளும் உண்டு. வளையம் ஹௌமியாவின் நடுக்கோட்டுத் தளத்தில், ஹியியாகா சுற்றும் அதே தளத்தில் கிடந்தது.

இந்த இரண்டு உடல்களிலும் வளையம் இருந்த இடம் யாரையும் சங்கடப்படுத்தவில்லை. இரண்டும் ரோஷ் எல்லைக்கு உள்ளேயோ அதையொட்டியோ இருந்தன.

ரோஷ் எல்லை என்பது பிரெஞ்சுக் கணிதவியலாளர் எதுவார் ரோஷ் 1848இல் சொன்ன கணக்கு. ஒரு கோளைச் சுற்றிவரும் இரண்டு துகள்கள் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். ஒன்றையொன்று இழுக்கும் அவற்றின் ஈர்ப்பு அவற்றைச் சேர்க்கப் பார்க்கும். கோள் அருகிலுள்ள துகளைச் சற்று அதிகமாகவும் தள்ளியுள்ள துகளைச் சற்றுக் குறைவாகவும் இழுப்பதால், அந்த வித்தியாசம் அவற்றைப் பிரிக்கப் பார்க்கும். கோளுக்கு அருகில் பிரிக்கும் விசைக்கே வெற்றி, அங்கே வளையம் வளையமாகவே இருக்கும். தூரம் போகப் போகச் சேர்க்கும் விசை ஜெயிக்கும், அங்கே துகள்கள் ஒட்டி உருண்டு நிலவாகிவிடும். நடுவிலுள்ள தூரம்தான் ரோஷ் எல்லை. ஆக எல்லைக்கு உள்ளே வளையம், வெளியே நிலவு. பாடப்புத்தகத்திலும் இப்படித்தான், சனியைப் பார்த்தாலும் ஏறக்குறைய இப்படித்தான்.

குவாவார் 2002இல் கண்டுபிடிக்கப்பட்டது. விட்டம் ஏறக்குறைய 1,090 கி.மீ., சூரியனிலிருந்து பூமி இருக்கும் தூரத்தைப் போல் 43 மடங்குக்கும் மேல் தள்ளி இருக்கிறது. ஒரு சுற்றுக்குச் சுமார் 288 ஆண்டுகள். தன்னைத்தானே சுற்ற 17.7 மணி நேரம் எடுத்துக்கொள்கிறது. 2007இல் அறிவிக்கப்பட்ட வெய்வாட் என்ற ஒரு நிலவு, சுமார் 13,300 கி.மீ. தூரத்தில் பன்னிரண்டரை நாளுக்கு ஒரு முறை அதைச் சுற்றிவருகிறது. நிலவின் சுற்றுப்பாதை தெரிந்தால் தாய் உடலின் நிறை தெரியும். குவாவாரின் நிறை சுமார் 1.2 × 10²¹ கிலோ என்பது வெய்வாட் புண்ணியத்தில் கிடைத்த எண். பின்னால் வரும் எல்லாக் கணக்குக்கும் இதுதான் அடித்தளம்.

## மறைப்பு என்ற முறையும் அதன் பழைய பொறியும்

குவாவாரின் வளையத்தை எந்தத் தொலைநோக்கியாலும் நேரடியாகப் படம் எடுக்க முடியாது. அவ்வளவு தூரம், அவ்வளவு மங்கல். செய்யக்கூடியது ஒன்றுதான்: அது ஏதாவது ஒரு நட்சத்திரத்தின் முன்னால் கடக்கும்போது நட்சத்திர ஒளியை நொடிக்குப் பலமுறை அளந்துகொண்டே இருப்பது. குவாவாரின் நிழல் பூமியின் மேல் நொடிக்கு 20 கி.மீ.க்குக் கூடக்குறைய என்ற வேகத்தில் ஓடும். குவாவார் நட்சத்திரத்தை மறைப்பது ஒரு நிமிடத்துக்கும் குறைவு. 5 கி.மீ. அகலமுள்ள வளையம் மறைப்பது கால் நொடி.

இந்த முறையில் ஒரு பொறி உண்டு, அதற்கு நம் பக்கத்திலேயே உதாரணம் இருக்கிறது. 1977 மார்ச் 10 அன்று யுரேனஸ் ஒரு நட்சத்திரத்தை நெருங்கியபோது, ஜவ்வாது மலையில் உள்ள காவலூர் ஆய்வகத்தின் 1 மீட்டர் தொலைநோக்கியில் எதிர்பாராத ஒரு ஒளிக்குறைவு பதிவானது. அங்கிருந்தவர்கள் அதை யுரேனஸின் புதிய நிலவாக இருக்கலாம் என்று வெளியிட்டார்கள். அதே மறைப்பை விமானத்தில் பொருத்திய கைப்பர் தொலைநோக்கியில் பார்த்த அமெரிக்கக் குழுவுக்கு, யுரேனஸின் இரு பக்கமும் சமச்சீராக ஒளிக்குறைவுகள் கிடைத்தன. அது வளையம் என்று புரிந்தது. காவலூர் பதிவும் வளையத்தையே காட்டியது என்பது பிறகு தெளிவாயிற்று. காவலூர்க்காரர்களின் அளவீட்டில் குறை ஒன்றும் இல்லை. ஒரு பக்கத்தில் ஒரு ஒளிக்குறைவு மட்டும் கையில் இருந்தால் அது நிலவா வளையமா என்று யாராலும் சொல்ல முடியாது. குவாவார் குழுவும் இதே இடத்தில்தான் தொடங்கியது.

## 2018 முதல் 2021 வரை கவனித்தவை

ஐரோப்பிய விண்வெளி முகமையின் கையா விண்கலம் தந்த நட்சத்திரப் பட்டியல் 2018 வாக்கில் கைக்கு வந்தபின், எந்த மறைப்பு எங்கே தெரியும் என்று சொல்வது மிகத் துல்லியமாயிற்று. குவாவார் அப்போது பால்வீதியின் நட்சத்திரங்கள் செறிந்த பகுதியின் பின்னணியில் இருந்தது, அதனால் மறைப்புகளுக்கும் பஞ்சமில்லை. தொடக்கத்தில் நோக்கம் வளையம் தேடுவதல்ல. குவாவாரின் வடிவத்தைத் துல்லியமாக அளப்பதும், மெல்லிய வளிமண்டலம் ஏதும் இருக்கிறதா என்று பார்ப்பதும்தான்.

2018க்கும் 2021க்கும் இடையில் பல மறைப்புகள் பதிவாயின. நமீபியாவில் ஹெஸ் ஆய்வுத்தளத்தில் உள்ள தானியங்கித் தொலைநோக்கி, கேனரித் தீவுகளின் 10.4 மீட்டர் தொலைநோக்கி, ஆஸ்திரேலியாவில் அமெச்சூர்களின் சிறு தொலைநோக்கிகள் என்று கருவிகள் பலவகை. 2020 ஜூனில் நடந்த மறைப்பைப் பூமியைச் சுற்றும் கியாப்ஸ் விண்தொலைநோக்கியும் பார்த்தது. அது பிற நட்சத்திரங்களின் கோள்களை ஆராய ஏவப்பட்டது. இந்த வேலை அதற்கு ஒரு கூடுதல் உபகாரம்.

குவாவாரின் மறைப்புக்குச் சில நிமிடம் முன்னோ பின்னோ சிறு ஒளிக்குறைவுகள் தென்பட்டன. சிக்கல் என்னவென்றால், அவை ஒன்றுபோல் இல்லை. சில இடத்தில் குறுகலாக, ஆழமாக இருந்தது. சில இடத்தில் ஒளி ஒரு சதவீதம்கூடக் குறையவில்லை, ஆனால் நூற்றுக்கணக்கான கிலோமீட்டருக்கு அது நீண்டிருந்தது. அகலத்தை மட்டும் எடுத்தால் 5 கி.மீ. முதல் 300 கி.மீ. வரை. தரையிலிருந்து எடுத்த பதிவில் இப்படி மெல்லிய ஒளிக்குறைவு வந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது மேகத்தைத்தான், அல்லது வளிமண்டலக் கலக்கத்தை. கியாப்ஸ் பதிவுக்கு இங்கே தனி மதிப்பு வந்தது. வானிலை மேல் பழிபோட அங்கே வளிமண்டலமே இல்லை.

## முதல் முடிவு: வளையம் என்று கொள்வது

குழுவின் முன்னால் மூன்று வழிகள் இருந்தன. ஒவ்வொரு ஒளிக்குறைவையும் தனித்தனிப் பொருளாக, அதாவது தெரியாத சிறு நிலவுகளாகக் கொள்வது ஒன்று. சீரற்ற தூசுப்படலம் என்று கொள்வது இன்னொன்று. எல்லாம் ஒரே வட்டத்தின் வெவ்வேறு இடங்கள், வட்டத்தின் அடர்த்திதான் இடத்துக்கு இடம் மாறுகிறது என்று கொள்வது மூன்றாவது.

மூன்றாவதைத் தேர்ந்தார்கள். பல ஆண்டுகளில், பூமியின் பல இடங்களிலிருந்து கிடைத்த புள்ளிகளைக் குவாவாரை மையமாக வைத்து வரைந்தபோது, அவை எல்லாம் ஒரே சாய்ந்த வட்டத்தின் மேல் விழுந்தன. ஆரம் 4,100 கி.மீ. அளவு, குவாவாரின் சொந்த ஆரத்தைப் போல் ஏழரை மடங்கு. வட்டத்தின் தளம் வெய்வாட் சுற்றும் தளத்தோடு பொருந்தியது. தற்செயலான நிலவுகளோ மேகமோ இப்படி ஒரே வட்டத்தில், அதுவும் ஏற்கனவே தெரிந்த நிலவின் தளத்தில் வந்து உட்காராது.

இதில் எனக்குப் பிடித்த விஷயம், அடர்த்தி மாறுவதை அவர்கள் மறைக்கப் பார்க்கவில்லை. சீரான வளையம் என்று சராசரி போட்டு எழுதியிருந்தால் அவர்களின் ஆய்வுக் கட்டுரை அழகாக இருந்திருக்கும். ஆனால் பின்னால் நிலவின் பங்கைப் பேச இருந்த ஒரே தடயம் அதோடு போயிருக்கும்.

## கணக்கு இடித்த இடம்

வட்டம் கிடைத்ததும் ரோஷ் எல்லையைப் போட்டுப் பார்த்தார்கள். வளையத் துகள்கள் நுண்துளைகள் நிறைந்த பனி, அடர்த்தி தண்ணீரில் 0.4 பங்கு என்று எடுத்தால் எல்லை 1,780 கி.மீ. வளையமோ அதைப்போல் இரு மடங்குக்கும் மேல் தள்ளி இருக்கிறது.

துகளின் அடர்த்தியைக் குறைத்தால் எல்லை வெளியே நகரும் என்பது உண்மைதான். எவ்வளவு குறைக்க வேண்டும்? எல்லை தூரத்தின் கனத்துக்கு எதிர் விகிதத்தில் அடர்த்தி போகும். 4,100 கி.மீ.யில் எல்லை வரவேண்டுமென்றால் அடர்த்தி கன மீட்டருக்கு 30 கிலோ அளவுக்கு இறங்க வேண்டும். அது தெர்மாகோலின் கனம். ஒன்றோடொன்று ஓயாமல் மோதிக்கொண்டிருக்கும் பனித்துகள் தெர்மாகோல்போல் இருக்கும் என்று நம்ப முடியாது. அந்த வழி அடைபட்டது.

இன்னொரு எளிய வழி, வளையம் இப்போதுதான் உண்டானது, இன்னும் நிலவாகத் திரள நேரமில்லை என்பது. அதுவும் எடுபடவில்லை. அந்தத் தூரத்தில் துகள்கள் ஒட்டத் தொடங்கினால் சில பத்தாண்டுகளில் வேலை முடிந்துவிடும். சூரியக் குடும்பத்தின் வயது 450 கோடி ஆண்டு. அதில் சரியாக அந்தச் சில பத்தாண்டுகளில் நாம் எட்டிப் பார்த்தோம் என்பது அதிர்ஷ்டத்தின் மேல் கட்டிய வாதம்.

## இரண்டாவது முடிவு: மோதலைத் திரும்பப் பார்ப்பது

இந்த நிகழ்வின் முக்கியத் திருப்பம் இங்கேதான் என்பது என் எண்ணம். ரோஷ் எல்லையை வகுக்கும் கணக்கில் ஈர்ப்பு மட்டுமே இருக்கிறது. இரண்டு துகள்கள் மோதிய பின் என்ன ஆகும் என்பதைப் பற்றி அதில் ஒரு வரியும் இல்லை. மோதினால் ஒட்டும் என்பது எழுதாமல் உள்ளே வைத்த அனுமானம்.

எண்களைப் பார்த்தால் அது எவ்வளவு மெல்லிய அனுமானம் என்று தெரியும். 1 மீட்டர் ஆரமுள்ள, அடர்த்தி 0.4 உள்ள ஒரு பனிக்கட்டியின் ஈர்ப்பை விட்டு இன்னொரு துகள் தப்பிக்க நொடிக்கு அரை மில்லிமீட்டர் வேகம் போதும். மோதிய பின் அதைவிட வேகமாகத் துள்ளினால் இரண்டும் பிரிந்து போகும். மோதலில் வேகம் எல்லாம் செத்துப்போனால் ஒட்டிக்கொள்ளும். வளையமா நிலவா என்ற பெரிய கேள்வி கடைசியில் பனிக்கட்டி எவ்வளவு துள்ளும் என்ற சின்னக் கேள்வியாகிவிடுகிறது.

அதற்கு விடை தேட குழு புதிதாக ஆய்வகம் கட்டவில்லை. 1980களில் சனியின் வளையத்தைப் புரிந்துகொள்ளக் கலிஃபோர்னியாவின் சாந்தா குரூஸில் குளிரூட்டிய அறையில் பனிப்பந்துகளை மோதவிட்டு அளந்திருந்தார்கள். அந்த அளவீடுகளில் இரண்டு வகை முடிவுகள் இருந்தன. உறைபனி படிந்த மேற்பரப்பானால் மோதலில் ஆற்றல் நிறைய வீணாகும், துள்ளல் குறைவு. மேற்பரப்பு இறுகி வழவழப்பாக இருந்தால் துள்ளல் அதிகம். சனியின் வளையக் கணக்குகளில் வழக்கமாக எடுத்துவந்தது முதல் வகையை.

குழு இரண்டையும் போட்டுப் பார்த்தது. கணினியில் வளையத்தின் ஒரு சிறு துண்டை எடுத்து, துகள்களின் சொந்த ஈர்ப்பு, மோதல், குவாவாரின் ஈர்ப்பு எல்லாம் சேர்த்து ஓட்டினார்கள். முதல் வகைத் துள்ளலில் துகள்கள் சீக்கிரமே கட்டிகட்டியாகத் திரண்டன. இரண்டாம் வகைத் துள்ளலில் 4,100 கி.மீ. தூரத்திலும் திரளவில்லை. வேகம் போதுமான அளவு நின்றது, வளையம் வளையமாகவே இருந்தது. குவாவார் இருக்கும் இடத்தில் வெப்பம் 40 கெல்வின் சுற்றுவட்டாரம்தான். அந்தக் குளிரில் பனி பாறைபோல் இறுகி அதிகம் துள்ளும் என்பது நியாயமான எதிர்பார்ப்பு.

இரண்டையும் ஓட்டிக் காட்டியது நல்ல முடிவு. தமக்குச் சாதகமான துள்ளலை மட்டும் எடுத்து ஓட்டியிருந்தால், படிப்பவருக்கு முடிவு எதன் மேல் நிற்கிறது என்று தெரியாமல் போயிருக்கும்.

## விடை கொண்டுவந்த புதுத் தொல்லை

சரி, திரளாததற்குக் காரணம் கிடைத்தது. ஆனால் அதே காரணம் வேறொரு கதவைத் திறந்துவிட்டது. துகள்கள் நன்றாகத் துள்ளினால் அவற்றின் தாறுமாறான வேகம் கூடும். வேகம் கூடினால் வளையம் உள்ளும் வெளியும் பரவும். 5 கி.மீ. அகலத்துக்கு மெலிந்த பகுதி பரவிக் கரைய, மீட்டர் அளவுத் துகள்களை வைத்துத் தோராயமாகப் போட்டால் நூறு, ஆயிரம் ஆண்டுகள் என்ற அளவில்தான் காலம் வருகிறது. திரளாமல் காப்பாற்றும் துள்ளல் கலையவும் வைக்கிறது.

அப்புறம் இன்னொன்று. வளையத்தின் உள்விளிம்பு சற்று வேகமாகவும் வெளிவிளிம்பு சற்று மெதுவாகவும் சுற்றும். 4,100 கி.மீ. தூரத்தில் ஒரு சுற்றுக்கு இரண்டு நாளுக்குச் சற்று மேல் ஆகும். 5 கி.மீ. அகலமுள்ள அடர்த்தியான ஒரு துண்டு அங்கே இருந்தால், இந்த வேக வித்தியாசமே அதை சுமார் மூன்று ஆண்டுகளில் வட்டம் முழுக்க இழுத்துப் பூசிவிட வேண்டும். அப்படியானால் ஒரு இடத்தில் அடர்த்தியும் ஒரு இடத்தில் மெலிவும் எப்படித் தெரிகிறது?

ஏதோ ஒன்று வளையத்தைப் பிடித்து வைத்திருக்கிறது. அதற்கு இரண்டு பேர் மேல் சந்தேகம் விழுந்தது: குவாவாரின் சுழற்சி, வெய்வாட் நிலவு.

## சுழற்சியா, நிலவா

குவாவார் முழு உருண்டை அல்ல. சற்றே ஒழுங்கற்ற உடல் சுழலும்போது அதன் ஈர்ப்பும் கூடவே சுழலும், சுற்றியுள்ள துகள்களை முறைவைத்துத் தட்டும். 2019இல் சாரிக்லோவையும் ஹௌமியாவையும் வைத்து வெளியான ஒரு கோட்பாட்டு ஆய்வு, இப்படிப்பட்ட உடலின் சுழற்சி வேகத்துக்குச் சமமாகச் சுற்றும் தூரத்தை ஒட்டியுள்ள பொருளெல்லாம் விரைவில் துடைக்கப்பட்டுவிடும் என்று காட்டியிருந்தது. உள்ளே இருப்பது உடலின் மேல் விழும், வெளியே இருப்பது மேலும் வெளியே தள்ளப்படும். குவாவாருக்கு அந்தத் தூரம் சுமார் 2,000 கி.மீ. ரோஷ் எல்லையான 1,780 கி.மீ.யை விட அது அதிகம் என்பதைக் கவனிக்க வேண்டும். பாடப்புத்தகம் வளையம் இருக்க வேண்டும் என்று சொல்லும் இடம் முழுக்கக் குவாவார் தானே துடைத்துவிடும் பகுதிக்குள் கிடக்கிறது. இங்கே வளையம் இருப்பதானால் வெளியேதான் இருந்தாக வேண்டும்.

வெளியே எங்கே? சுற்றும் காலங்கள் முழு எண் விகிதத்தில் பொருந்தும் தூரங்களில் தட்டுகள் ஒரே தாளத்தில் விழுந்து கூடும், அதற்குத்தான் ஒத்திசைவு என்று பெயர். குவாவார் மூன்று முறை சுழலும்போது துகள் ஒரு முறை சுற்றும் தூரம், அதாவது 1:3 ஒத்திசைவு, 4,200 கி.மீ.யை ஒட்டி வருகிறது. வெய்வாட் ஒரு முறை சுற்றும்போது துகள் ஆறு முறை சுற்றும் தூரம், 6:1 ஒத்திசைவு, 4,020 கி.மீ.யை ஒட்டி வருகிறது. வளையம் இரண்டுக்கும் நடுவில், இரண்டின் அளவுப் பிழைக்கும் எட்டும் இடத்தில் இருக்கிறது. இரண்டு சாட்சிகளும் ஒரே வீட்டு வாசலில் நின்றால் யார் சொன்னது என்று பிரிப்பது கஷ்டம்.

ஆய்வுக் கட்டுரை எழுதியவர்கள் இரண்டையும் குறிப்பிட்டு, தீர்ப்புச் சொல்லாமல் நிறுத்தினார்கள். என் கணிப்பு சுழற்சி பக்கம் சாய்கிறது. சாரிக்லோவின் வளையமும் ஹௌமியாவின் வளையமும் அந்தந்த உடலின் 1:3 ஒத்திசைவை ஒட்டியே இருக்கின்றன. சாரிக்லோவுக்குத் தெரிந்த நிலவே கிடையாது. ஹௌமியாவின் நிலவுகள் பல பத்தாயிரம் கி.மீ. தள்ளி இருக்கின்றன. மூன்று உடல்களுக்கும் பொதுவாக இருப்பது சுழற்சிதான், நிலவு அல்ல. வளையம் இந்தத் தூரத்தில் இருக்க வேண்டும் என்று தீர்மானித்தது சுழற்சி என்று கொள்வதே எளிது.

ஆனால் துண்டுதுண்டான அடர்த்திக்கு நிலவுதான் பொருத்தமான ஆள். நெப்டியூனின் ஆடம்ஸ் வளையத்தில் இதுபோன்ற அடர்த்தியான வில்கள் உண்டு. 1980களில் மறைப்புகளில் அவை அரைகுறையாகத் தெரிந்து, 1989இல் வாயேஜர் 2 படம் எடுத்தபின் உறுதியாயின. கலடேயா என்ற சிறு நிலவின் ஒத்திசைவு அவற்றைப் பிடித்து வைத்திருக்கிறது என்பதே நெடுநாள் விளக்கம். வெய்வாட்டின் பாதை முழு வட்டமாக இல்லாததால் 6:1 ஒத்திசைவும் துகள்களைக் குறிப்பிட்ட கோணங்களில் சேர்த்துவைக்கும் வாய்ப்பு உண்டு. 2023இல் வந்த ஒரு தனி இயக்கவியல் ஆய்வு அந்த ஒத்திசைவை விரிவாக ஆராய்ந்தது.

நிலவு வளையத்தைக் கலைத்துவிடாதா என்ற கேள்விக்கும் இங்கேயே பதில் சொல்லிவிடலாம். வெய்வாட்டின் விட்டம் 170 முதல் 200 கி.மீ., அடர்த்தி தண்ணீர் அளவு என்று கொண்டால், அதன் சொந்த ஈர்ப்பு ஆதிக்கம் செலுத்தும் வட்டாரம் அதைச் சுற்றி ஏறத்தாழ 1,300 கி.மீ. வளையம் அதனிடமிருந்து 9,000 கி.மீ.க்கு மேல் தள்ளி இருக்கிறது. அங்கே வெய்வாட்டால் வளையத்தைக் கிழிக்க முடியாது, ஒத்திசைவு உள்ள இடத்தில் மெல்லத் தட்டிக்கொடுக்க மட்டுமே முடியும். சிறு உடலுக்கு நிலவும் வளையமும் சேர்ந்து இருப்பது ஆபத்தான ஏற்பாடு என்ற பொதுவான பயம் குவாவார் விஷயத்தில் பொருந்தாது.

## தொடர்ந்து நடந்தவை

முதல் அறிவிப்பு வருவதற்கு முன்பே அடுத்த மறைப்புக்கு ஏற்பாடு நடந்தது. 2022 ஆகஸ்ட் 9 அன்று ஹவாயின் மௌனாகேயாவில் 8.1 மீட்டர் ஜெமினி வடக்குத் தொலைநோக்கியும் 3.6 மீட்டர் கனடா–பிரான்ஸ்–ஹவாய் தொலைநோக்கியும் குவாவாரைக் குறிவைத்தன. பெரிய கண்ணாடி, வேகமான கேமரா. வளையத்தின் அடர்த்தியான பகுதி குறுகிய மையமும் அதைச் சுற்றி மெல்லிய உறையுமாகத் தெளிவாகப் பதிவாயிற்று. ஆரம் 4,057 கி.மீ. என்று திருத்தப்பட்டது. சனியின் எஃப் வளையத்தைப் பார்ப்பதுபோல் இருக்கிறது என்று ஒப்பிட்டார்கள். அதுவும் நெளிவும் முடிச்சுமான குறுகிய வளையம்தான்.

கூடவே எதிர்பாராத ஒன்றும் வந்தது. உள்ளே 2,520 கி.மீ. ஆரத்தில், சுமார் 10 கி.மீ. அகலத்தில் மிக மெல்லிய இரண்டாவது வளையம். 2023 ஏப்ரலில் இது அறிவிக்கப்பட்டது. இதுவும் 1,780 கி.மீ. எல்லைக்கு வெளியேதான். குவாவாரின் சுழற்சியோடு 5:7 ஒத்திசைவு ஏற்படும் தூரத்தை நான் போட்டுப் பார்த்தால் 2,527 கி.மீ. வருகிறது. வளையம் கிட்டத்தட்ட அதன் மேலேயே உட்கார்ந்திருக்கிறது. 1:3, 5:7 இரண்டிலும் எண்களின் வித்தியாசம் 2 என்பதால் இயக்கவியலில் அவை ஒரே வரிசையைச் சேர்ந்தவை. இரண்டாவது வளையத்துக்கு வெய்வாட்டைச் சாட்சி சேர்க்கத் தேவையே வரவில்லை. சுழற்சி பக்கம் சாய்ந்த என் கணிப்புக்கு இது கனம் கூட்டுகிறது.

சூரியக் குடும்பத்தில் இதேபோல் வேறு ஒன்றும் தெரியவந்தது. சனிக்கும் யுரேனஸுக்கும் இடைப்பட்ட கைரான் என்ற பொருளின் வளையங்களைப் பற்றி 2025இல் வந்த அறிக்கையில், அடர்த்தியான உள்வளையங்களோடு வெகு தொலைவில் ஒரு மெல்லிய பொருள்தொகுதியும் சொல்லப்பட்டது. ரோஷ் எல்லைக்கு வெளியே வளையம் என்பது குவாவாரின் தனிக் குறும்பு அல்ல என்று தோன்றத் தொடங்கியிருக்கிறது.

குவாவாரிடமும் கதை முடியவில்லை. 2025இல் ஒரு மறைப்பின்போது கிடைத்த திடீர் ஒளிக்குறைவு ஒன்று இன்னொரு நிலவாக இருக்கலாம் என்று அறிவிக்கப்பட்டிருக்கிறது. இப்படி ஒரு மறைப்பில் மட்டும் தெரிந்த பொருளை வளையத் துண்டா நிலவா என்று பிரிக்கக் காவலூரில் பட்ட அதே சிக்கல்தான் இங்கும்.

## அடுத்த முறை மாற்ற வேண்டியவை

மறைப்புக்கு நோக்கர்களைத் தயார் செய்யும்போது பதிவுக் காலத்தை நீட்ட வேண்டும். குவாவாரின் உடல் மறைப்பு ஒரு நிமிடத்துக்கும் குறைவு என்பதால் பலர் அதைச் சுற்றிச் சில நிமிடம்தான் கேமராவை ஓட்டுவார்கள். நிழலின் வேகத்தை வைத்துப் பார்த்தால் வெளிவளையம் மூன்றரை நிமிடம் முன்னும் பின்னும் வரும், வெய்வாட் பதினொரு நிமிடம் வரை தள்ளி வரலாம். இரு பக்கமும் கால் மணி நேரம் விடாமல் பதிவதற்குச் செலவு எதுவும் இல்லை, கணினியின் வன்வட்டில் கொஞ்சம் இடம் மட்டும் போகும்.

மறைப்பு எதிர்மறை என்று மூட்டைகட்டிய பழைய பதிவுகளைத் திரும்ப எடுத்துப் பார்ப்பதும் அவசியம். குவாவாரின் நிழல் தம் ஊரைத் தொடவில்லை என்று ஒதுக்கிய ஒருவரின் பதிவில் வளையத்தின் நிழல் விழுந்திருக்கலாம். வளையத்தின் குறுக்கு விட்டம் 8,000 கி.மீ.க்கு மேல். நிழல் பாதைக்கு வெளியே என்று விடப்படும் ஊர்களில் பல அதற்குள் வரலாம்.

கணக்குப் பக்கத்தில் செய்ய வேண்டியது, 40 கெல்வினில் பனி எப்படித் துள்ளுகிறது என்று நேராக அளப்பது. இப்போதைய விளக்கம் சனியை மனதில் வைத்து அதைவிடச் சூடான நிலையில் செய்த அளவீடுகளைக் குளிரான பக்கம் நீட்டிப் பார்த்து நிற்கிறது. ஆய்வகத்தில் மில்லிமீட்டர் வேகத்தில் மோதவிடும் கருவி கஷ்டமானது, ஆனால் முடியாதது அல்ல. அந்த எண் மாறினால் வளையம் திரளாததற்கான காரணமும் மாறும், ஒத்திசைவின் மேல் விழும் சுமையும் மாறும்.

சுழற்சியா நிலவா என்ற வழக்குக்குத் தேவை வெய்வாட்டின் நிறை. அதன் பாதையின் நீள்வட்டமும் இன்னும் துல்லியமாகத் தெரிய வேண்டும். இவை கிடைத்தால் 6:1 ஒத்திசைவு எவ்வளவு அகலப் பகுதியைப் பிடிக்க முடியும் என்று சொல்லலாம். அடர்த்தியான துண்டு வெய்வாட்டோடு ஒரே கோணத்தில் கூடவே நகர்கிறதா, தனியாக நழுவுகிறதா என்பதை ஒரே துண்டைப் பல ஆண்டு இடைவெளியில் மறைப்புகளில் பிடித்தால் சொல்லிவிடலாம். மூன்று ஆண்டில் பூசிவிட வேண்டிய துண்டு அதற்குப் பிறகும் துண்டாகவே இருந்தால் நிலவின் பக்கம் ஒரு வலுவான வாக்கு விழும்.